எது எதோடு நகரும்? குரூப் செய்வதும் அனிமேஷன் கொடுப்பதும்

அத்தியாயம் 7

தமிழ்நாட்டுப் பொம்மலாட்டக் கலைஞர் தலையில் கிரீடம்போல ஓர் இரும்பு வளையத்தை மாட்டிக்கொண்டு பொம்மையை ஆட்டுவார். பொம்மையின் நூல்கள் அந்த வளையத்தில் கட்டியிருக்கும். கைகளைக் கம்பிகளால் இயக்குவார். பார்ப்பவருக்குத் தெரிவது ஆட்டம் மட்டும்தான். ஆனால் பொம்மை செய்தவர் வெகுநாள் முன்பே சில முடிவுகளை எடுத்திருப்பார்: கழுத்தில் மூட்டு வேண்டுமா, முழங்கை தனியாக மடங்க வேண்டுமா, இடுப்புக்குக் கீழே ஒரே கட்டையாக விட்டுவிடலாமா? மூட்டு வைக்காத இடத்தில் எத்தனை நூல் கட்டினாலும் அது மடங்காது.

மின்கற்றல் பாடம் தயாரிக்கும் மென்பொருளில் குரூப் செய்வது மூட்டு வைக்கிற வேலை. அனிமேஷன் கொடுப்பது நூல் கட்டுகிற வேலை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார்கள். படத்தை வரைந்து முடித்ததும் அனிமேஷன் பட்டியலைத் திறந்து, எது அழகாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். பாதி வழியில்தான் கை இருக்க வேண்டிய இடத்தில் கையும் உடம்பும் ஒட்டிக் கிடப்பது தெரியவரும்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதிதான்: ஒன்றாக வருவதும், ஒன்றாக நகர்வதும், ஒன்றாக மறைவதும் ஒரு குரூப். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அது வேறு குரூப். படத்தில் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதை இந்த விதி கேட்பதே இல்லை.

கண் கூட்டம் சேர்க்கும் விதம்

இந்த விதிக்குப் பின்னால் நூறாண்டுப் பழமையான ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923இல் வெளியிட்ட கட்டுரையில், சிதறிக் கிடக்கும் புள்ளிகளை நம் கண் எந்தெந்த அடிப்படையில் கூட்டமாகச் சேர்த்துப் பார்க்கிறது என்று வகைப்படுத்தினார். அருகில் இருப்பவை, ஒரே மாதிரி இருப்பவை என்று நீளும் அந்தப் பட்டியலில், ஒரே திசையில் ஒன்றாக நகர்பவையும் உண்டு. தேரோடும் வீதியில் ஆயிரம் பேர் நின்றாலும், தேரும் வடமும் வடம் பிடித்தவர்களும் ஒரே உருவாகத் தெரிவார்கள். எதிர்த்திசையில் பலூன் விற்றுக்கொண்டு வருபவர் தனியாகத் தெரிவார். யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாடம் செய்பவருக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. சேர்ந்து இயங்கும் பாகங்களைச் சேர்த்து நகர்த்தினால், ஒரு வார்த்தை சொல்லாமலே அவற்றின் உறவு விளங்கிவிடும். உறவே இல்லாத இரண்டை வேலை மிச்சம் என்று ஒரே குரூப்பில் போட்டு நகர்த்தினால், அவற்றுக்குள் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று கற்பவர் நம்பிவிடுவார். நீங்கள் சொல்லாத ஒரு பாடத்தை உங்கள் குரூப் சொல்லிக்கொடுத்துவிடும்.

எந்தக் கருவியில் செய்யப்போகிறோம்

செயல்முறைகளைப் பவர்பாயிண்ட்டில் காட்டுகிறேன். பெரும்பாலானோர் கையில் இருப்பது அதுதான். ஐஸ்பிரிங் போன்ற மென்பொருள்கள் பவர்பாயிண்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அதன் ஸ்லைடுகளை மின்பாடமாக மாற்றித் தருகின்றன. ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் தனி மென்பொருள். ஆனால் பவர்பாயிண்ட் தெரிந்தவருக்கு அது பக்கத்து வீடு மாதிரி. பழைய ஸ்லைடுகளையும் இறக்கிக்கொள்ளும். ஸ்டோரிலைன் மாறுபடும் இடங்களைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டிலும் குறுக்குவிசை ஒன்றுதான். வேண்டிய பொருள்களைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் + ஜி அழுத்தினால் குரூப் ஆகும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஜி அழுத்தினால் பிரியும்.

பவர்பாயிண்ட்டில் இன்னொரு விசையையும் இன்றே பழகிக்கொள்ளுங்கள்: ஆல்ட் + எஃப்10. ஸ்லைடில் உள்ள எல்லாப் பொருள்களின் பெயரையும் வரிசையாகக் காட்டும் செலக்ஷன் பேன் திறக்கும். பெயர்மேல் இரண்டுமுறை தட்டினால் மாற்றலாம். "குரூப் 47", "ரெக்டாங்கிள் 112" என்றிருப்பதை "பின்", "லீவர்" என்று மாற்றிவிடுங்கள். அனிமேஷன் பட்டியலிலும் இதே பெயர்தான் வரும். முப்பது அசைவு உள்ள ஸ்லைடில், பெயரில்லாத குரூப்பைத் தேடுவது முகவரி இல்லாத கடிதத்தைக் கொண்டுசேர்ப்பது போல.

குரூப் தரும் மூன்று அடிகள்

முதல் அடி: தனித்தனியாக அனிமேஷன் கொடுத்த பொருள்களைப் பின்னால் குரூப் செய்தால், கொடுத்த அனிமேஷன்கள் போய்விடும். அதனால் முதலில் குரூப், பிறகே அனிமேஷன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இரண்டாம் அடி: பவர்பாயிண்ட்டில் குரூப்புக்கு உள்ளே இருக்கும் ஒரு பொருளுக்கு மட்டும் தனி அசைவு கொடுக்க முடியாது. உள்ளே இருப்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு விளைவைத் தட்டினாலும் முழுக் குரூப்பும்தான் ஆடும். குரூப்புக்குள் குரூப் வைக்கலாம். ஆனால் நூல் கட்டுவது வெளிக்குரூப்புக்கு மட்டும்தான்.

மூன்றாம் அடியை நானே வாங்கினேன். ஒரு தொழிற்சாலைக்கான பாதுகாப்புப் பாடம். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு வரிச் செய்தி: வால்வின் சக்கரம் பச்சையாக இருக்கிறது, எங்கள் ஆலையில் அது சிவப்பு. ஒரே நிமிட வேலை என்று குரூப்பைப் பிரித்தேன், சக்கரத்தைச் சிவப்பாக்கினேன், மறுபடியும் கன்ட்ரோல் + ஜி, சேவ் செய்து மூடிவிட்டேன். காலையில் ஓட்டிப் பார்த்தால் வால்வு நட்டுவைத்த கல் மாதிரி நிற்கிறது. பிரித்த அந்தக் கணத்திலேயே குரூப்பின் அனிமேஷன் எல்லாம் கழன்றுவிட்டது. மறுபடியும் குரூப் செய்தால் குரூப் வருமே தவிர, அசைவு வராது.

பிரிக்க வேண்டிய தேவையே அன்று இருக்கவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். குரூப்பை ஒருமுறை தட்டுங்கள். சுற்றிலும் கட்டம் வரும். உள்ளே வேண்டிய பொருளை இன்னொருமுறை தட்டுங்கள். அது மட்டும் தேர்வாகும். நிறம், கோடு, எழுத்து, அளவு எல்லாவற்றையும் பிரிக்காமலே மாற்றலாம். வேண்டாததை அழிக்கக்கூடச் செய்யலாம். புதிதாக ஒன்றை உள்ளே சேர்க்கும்போதுதான் கவலைப்பட வேண்டும். பிரிக்காமல் வழியில்லை என்று ஆகிவிட்டால், முதலில் ஸ்லைடை நகலெடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அனிமேஷன் பெயிண்டர் என்ற தூரிகையால் பழைய குரூப்பின் அசைவுகளைத் தொட்டுப் புதியதன்மேல் தடவலாம். அதற்கு ஆல்ட் + ஷிஃப்ட் + சி.

செய்து பார்ப்போம்: தீயணைப்பான்

அலுவலகச் சுவரில் தொங்கும் சிவப்பு உருளையை எடுத்துக்கொள்வோம். அதைப் பயன்படுத்துவதில் நான்கு செயல்கள்: பின்னை இழு, தீயின் அடிப்பகுதிக்குக் குறிவை, லீவரை அழுத்து, பக்கவாட்டில் வீசு. நான்கும் அசைவுகள். படமாக நின்றால் பாதிதான் விளங்கும். அனிமேஷனுக்கு உரிய பாடம் இதுதான்.

கணினியைத் தொடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, பாகங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது என்ன செய்யும் என்று எழுதுங்கள். இதை அசைவுப் பட்டியல் என்பேன்.

• உருளை, பெயர்ப்பட்டை, கீழ்க் கைப்பிடி: அசையாது.
• பின், அதன் வளையம்: வலப்பக்கம் இழுபடும், பிறகு மறையும்.
• லீவர்: பின்பக்க முனையை அச்சாகக் கொண்டு கீழே இறங்கும்.
• அழுத்தம் காட்டும் கேஜின் வட்டமும் நிறங்களும்: அசையாது.
• கேஜின் முள்: பச்சையிலிருந்து சிவப்புக்குத் திரும்பும்.
• ஹோஸ், நாசில்: தொங்கும் நிலையிலிருந்து தீயை நோக்கித் திரும்பும்.
• தூள்: லீவர் அழுந்தியபின் தோன்றும்.
• தீ: கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

பட்டியலைப் பாருங்கள். கேஜ் ஒரே பாகம்தான். ஆனால் அதன் வட்டம் உருளையோடு போகிறது, முள் தனியாக நிற்கிறது. பின் லீவருக்குள் செருகியிருக்கிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு குரூப். அதனால்தான் படத்தைப் பார்த்துக் குரூப் செய்யாமல் தாளைப் பார்த்துச் செய்யச் சொல்கிறேன். முதல் வரியையும் நான்காம் வரியையும் சேர்த்து "உடல்" என்று ஒரு குரூப். மற்றவை ஆளுக்கொன்று.

பின்னை இழுத்தல்

புதியவர்கள் பின்னுக்கு ஃப்ளை அவுட் கொடுப்பார்கள். பின் விருட்டென்று ஸ்லைடின் ஓரம்வரை பறந்து காணாமல்போகும். யாரும் பின்னை அப்படி வீசுவதில்லை. "பின்" குரூப்பைத் தேர்ந்தெடுத்து, மோஷன் பாத்தில் நேர்கோட்டை எடுத்து வலப்பக்கம் திருப்புங்கள். கோட்டின் சிவப்பு முனையைப் பிடித்து, பின் லீவரைவிட்டு வெளியே வந்து நிற்கும் தூரம்வரை மட்டும் குறையுங்கள். அடுத்து ஆட் அனிமேஷன் பட்டியலில் வெளியேறும் வகையில் ஃபேடு சேர்த்து, "ஆஃப்டர் ப்ரீவியஸ்" என்று வைத்து, டிலே பெட்டியில் சிறிது நேரம் கொடுங்கள். இழுபட்டு, ஒரு கணம் நின்று, மங்கும். அந்த ஒரு கணத்தில்தான் கற்பவர் பின் வெளியே வந்துவிட்டதைப் பார்க்கிறார்.

கவனம்: இரண்டாவது அசைவை மேலே தெரியும் பெரிய பட்டியலிலிருந்து எடுத்தால் முதல் அசைவு அழிந்து, இது உட்கார்ந்துகொள்ளும். ஒரே பொருளுக்குப் பல அசைவு வேண்டுமென்றால் ஆட் அனிமேஷன் பொத்தானைத்தான் பயன்படுத்த வேண்டும்.

முள்ளும் லீவரும்: நிழல் இரட்டை

கேஜ் முள்ளுக்கு ஸ்பின் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். முள் தன் நடுவை அச்சாக வைத்துப் பம்பரம்போலச் சுற்றும். கடிகார முள் அப்படியா சுற்றுகிறது? ஸ்பின் எப்போதும் பொருளின் நடுப்புள்ளியைத்தான் அச்சாகக் கொள்ளும். அச்சை நகர்த்த அங்கே பொத்தான் இல்லை. ஆனால் குரூப் இருக்கிறது.

1. முள்ளை நிமிர்ந்து நிற்கும் நிலையில் வரைந்து, கன்ட்ரோல் + டி அழுத்தி ஒரு நகல் எடுங்கள்.
2. நகலைத் தலைகீழாகப் புரட்டுங்கள்.
3. இரண்டு முள்ளின் அடிகளும் ஒட்டும்படி, நகலைக் கீழே நேராக வையுங்கள்.
4. நகலுக்கு நிறமும் கோடும் வேண்டாம் என்று கொடுங்கள். கண்ணுக்கு மறையும்; இடம் இருக்கும்.
5. இரண்டையும் குரூப் செய்து "முள்" என்று பெயரிடுங்கள்.

இப்போது குரூப்பின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது? முள்ளின் அடியில். முழுக் குரூப்பையும் கேஜின் மையத்தில் பொருத்தி ஸ்பின் கொடுங்கள். முள் அடியை ஊன்றித் திரும்பும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் உள்ள அமௌன்ட் பெட்டியில் பாகையாகக் கொடுக்கலாம்: 70 என்று தட்டச்சு செய்து, எண்டர் அழுத்தி, இடஞ்சுழியா வலஞ்சுழியா என்று தேர்ந்தெடுங்கள். எண்டர் அழுத்த மறந்தால் பழைய 360 அப்படியே இருக்கும். முள் ஒரு முழுச்சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும்.

லீவருக்கும் இதே வித்தைதான். பின்முனை அச்சாக வேண்டும். அதனால் நகலைப் பக்கவாட்டில் புரட்டிப் பின்முனையோடு ஒட்டுங்கள். 10 அல்லது 12 பாகை போதும். கதவு திறப்பது, ரயில்வே கேட் உயர்வது, தராசுத் தண்டு சாய்வது, முழங்கை மடங்குவது எல்லாவற்றுக்கும் இந்த நிழல் இரட்டை உதவும்.

ஹோஸும் தூளும்: டூப்

குறிவைக்கும்போது ஹோஸ் திரும்ப வேண்டும். அதற்கும் நிழல் இரட்டை வைத்து ஸ்பின் கொடுங்கள். ஹோஸ் நின்றபின் லீவர் இறங்கும், தூள் தோன்றும். தூளுக்கு வைப் விளைவை நாசில் பக்கத்திலிருந்து தொடங்கும்படி கொடுத்தால் பீய்ச்சியடிப்பதுபோல இருக்கும்.

நான்காவது செயலில் ஒரு பொறி இருக்கிறது. பலர் இதே படத்தில் ஹோஸை முன்னும் பின்னும் சுழற்றி "வீசு" என்று காட்டிவிடுகிறார்கள். நாம் உருளையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். இங்கே ஹோஸைச் சுழற்றினால் நாசில் மேலும் கீழும் ஆடும். கற்பவருக்குச் சொல்ல வேண்டியது தீயின் அடியை இடமும் வலமுமாகத் துடைத்தாற்போல வீசு என்பது. குரல் ஒன்று சொல்ல, அசைவு வேறொன்று சொன்னால், ஆபத்து நேரத்தில் அவர் கைக்கு நினைவு வருவது பார்த்த அசைவுதான். ஆகவே நான்காவது செயலுக்குத் தனி ஸ்லைடு எடுத்து, மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வரையுங்கள்: கீழே நிற்பவரின் தோளும் கைகளும், நடுவில் நாசில், எதிரே தீ.

இங்கே குரூப்பின் இரண்டாம் அடி குறுக்கே வருகிறது. முதலில் நாசில் மட்டும் தெரிய வேண்டும். பிறகு தூள் தோன்ற வேண்டும். பிறகு நாசிலும் தூளும் சேர்ந்து இடம் வலமாக ஆட வேண்டும். தூளைக் குரூப்பில் சேர்த்தால் தனியாகத் தோன்றாது. சேர்க்காமல் இரண்டுக்கும் ஒரே ஸ்பின்னை ஒரே நேரத்தில் கொடுத்தால், ஒவ்வொன்றும் தன் தன் நடுவைச் சுற்றும். தூள் நாசிலைவிட்டுக் கழன்று தனியே ஆடும்.

சினிமாக்காரர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டிருக்கிறார்கள்: டூப். நாசில் மட்டும் உள்ள குரூப் ஒன்று, நாசிலும் தூளும் நிழல் இரட்டையும் சேர்ந்த குரூப் இன்னொன்று. இரண்டையும் அச்சுப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். முதலாவது நடிக்கட்டும். பீய்ச்சும் நேரம் வந்ததும் முதலாவதற்கு டிஸப்பியர், இரண்டாவதற்கு அப்பியர், இரண்டும் ஒரே கணத்தில் "வித் ப்ரீவியஸ்". கண்ணுக்கு மாற்றமே தெரியாது; தூள் கிளம்பியதாகத்தான் தெரியும். பிறகு டூப் ஆடும்: 20 பாகை ஸ்பின், 1 நொடி, எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் ஆட்டோ ரிவர்ஸ் டிக், டைமிங் பகுதியில் ரிபீட் 3. தீக்கும் இதே வழிதான்: பெரிய தீ மங்க, அதே இடத்தில் சிறிய தீ தோன்றட்டும்.

டூப் இருக்கும் ஸ்லைடில் வேலை செய்யும்போது ஒன்று இன்னொன்றை மறைக்கும். செலக்ஷன் பேனில் பெயருக்கு அருகே உள்ள கண் குறியைத் தட்டி, மேலே இருப்பதைத் தற்காலிகமாக மறைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் கண்ணைத் திறக்க மறக்காதீர்கள்.

குரலோடு சேர்த்தல்

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல்லூடகப் பாடங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் சோதனைகள் செய்தவர். 2001இல் வெளிவந்த 'மல்டிமீடியா லேர்னிங்' நூலில் அவர் தொகுத்த கோட்பாடுகளில் ஒன்று நம் வேலைக்கு நேரடியாக உதவும்: சொல்லும் படமும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைவிட, ஒரே நேரத்தில் வந்தால் நன்றாக மனத்தில் பதியும். "பின்னை இழுங்கள்" என்று குரல் சொல்லும்போதே பின் நகர வேண்டும். முழு வாக்கியமும் முடிந்து இரண்டு நொடி கழித்து நகர்ந்தால், கற்பவர் அதற்குள் அடுத்த வாக்கியத்தில் இருப்பார்.

நொடிக் கணக்கை எண்ணி டிலே பெட்டியில் நிரப்புவது ஒரு வழி. ஆனால் குரல் பதிவு மாறினால் எல்லாக் கணக்கும் தவறும். ஆங்கிலப் பாடத்தைத் தமிழாக்கும்போது இது நிச்சயம் நடக்கும். அதே செய்தியைத் தமிழில் பேசி முடிக்கப் பெரும்பாலும் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அதனால் குரலிலேயே அடையாளம் வையுங்கள். பவர்பாயிண்ட்டில் ஒலியை ஓடவிட்டு, வேண்டிய சொல் வரும்போது ப்ளேபேக் டேபில் ஆட் புக்மார்க் தட்டுங்கள். பிறகு அசைவைத் தேர்ந்தெடுத்து ட்ரிகர் பட்டியலில் அந்த புக்மார்க்கைக் காட்டுங்கள். தமிழ்க் குரலுக்கு மாறும்போது புதிய ஒலியில் அடையாளங்களைப் போட்டு அசைவுகளை அவற்றோடு இணைத்தால் போதும். நொடிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

வேகமும் அளவும்

நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இது. தோன்றுவதும் மறைவதும் அரை நொடிக்குள் முடியட்டும். இடம் மாறுவதற்கு முக்கால் நொடியிலிருந்து ஒரு நொடி. ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்று காட்டும் அசைவு மட்டும் மெதுவாக, இரண்டு நொடிவரை போகலாம். அங்கே அசைவுதான் பாடம். பவர்பாயிண்ட் ஸ்பின்னுக்குத் தானாகவே 2 நொடி வைக்கும். லீவர் இறங்க அவ்வளவு நேரம் ஆனால், துருப்பிடித்த லீவர் என்று நினைப்பார்கள்.

உலகத்தில் எந்தப் பொருளும் சட்டென்று முழு வேகத்தில் கிளம்பி, சட்டென்று நிற்பதில்லை. டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' நூலில் தொகுத்த 12 கோட்பாடுகளில் இதுவும் ஒன்று: மெதுவாகக் கிளம்பு, மெதுவாக நில். பவர்பாயிண்ட்டில் ஸ்மூத் ஸ்டார்ட், ஸ்மூத் எண்ட் என்ற இரண்டு அளவுகள் அதற்குத்தான். பவுன்ஸ் எண்ட் என்று மூன்றாவதும் உண்டு. துள்ளும் பொருளுக்கு மட்டும் அதைக் கொடுங்கள்; தீயணைப்பான் பின்னுக்கு வேண்டாம்.

மேயரின் இன்னொரு கோட்பாடு, பாடத்துக்குச் சம்பந்தமில்லாததை எடுத்துவிட்டால் கற்றல் கூடும் என்பது. தலைப்பு சுழன்று வருவதும், ஒவ்வொரு வரியும் வெவ்வேறு திசையிலிருந்து பறந்து வருவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். எல்லாம் ஆடினால், ஆட வேண்டிய லீவரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அணுகல்தன்மைக்கான உலகத் தர வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. இரண்டு எல்லைகளைச் சொல்கிறது. தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்தவோ மறைக்கவோ கற்பவருக்கு வழி இருக்க வேண்டும். எந்த ஒரு நொடியிலும் 3 முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நம் தீ ஸ்லைடில் எரியும் சுடரை முடிவில்லாமல் துடிக்கவிட ஆசை வரும். துடிப்பை மெதுவாக்குங்கள், இரண்டு முறையோடு நிறுத்துங்கள்.

குரூப் செய்வதில் பார்வையற்ற கற்பவருக்கும் நன்மை உண்டு. "உடல்" என்ற குரூப்பில் பன்னிரண்டு வடிவங்கள் இருக்கலாம். திரைபடிப்பான் அவற்றை ஒவ்வொன்றாக "செவ்வகம், வட்டம், வட்டம்" என்று வாசித்தால் யாருக்கு என்ன புரியும்? குரூப்புக்கு ஒரே மாற்றுரை எழுதுங்கள்: "சுவரில் தொங்கும் சிவப்புத் தீயணைப்பான்; கேஜ் முள் பச்சைப் பகுதியில்."

பெயர்ச்சீட்டுகள் வெளியே இருக்கட்டும்

படத்தில் "லீவர்", "நாசில்" என்று எழுதும் பெயர்ச்சீட்டுகளை அந்தந்தக் குரூப்புக்குள் போடத் தோன்றும். போடாதீர்கள். லீவர் திரும்பும்போது எழுத்தும் சாயும். குரூப்பைப் பெரிதாக்கினால் வடிவங்கள் வளரும், எழுத்தின் அளவு வளராது. சிறிதாக்கினால் எழுத்து பெட்டியைவிட்டு வழியும். மொழிபெயர்ப்பில் இன்னொரு சிக்கல்: ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் முடியும் பெயர் தமிழில் எட்டெழுத்தாகும், பெட்டி நீளும், குரூப்பின் கட்டம் நீளும், நடுப்புள்ளி நகரும். நடுப்புள்ளி நகர்ந்தால் நிழல் இரட்டை வைத்துச் செய்த அத்தனை வேலையும் கோணும். சீட்டுகளைத் தனியே வைத்து, பாகம் நகர்வதற்கு முன் ஃபேடில் மறைத்துவிடுங்கள்.

ஸ்டோரிலைனுக்குப் போகும்போது

ஸ்டோரிலைனில் எல்லாம் டைம்லைனில் நடக்கும். ஒவ்வொரு பொருளும் ஒரு வரிசை. குரூப் செய்தால் ஒரே வரிசையாகச் சுருங்கும். அருகே உள்ள சிறு முக்கோணத்தைத் தட்டினால் விரியும். ஒலியை ஓடவிட்டு, வேண்டிய சொல் வரும்போது விசைப்பலகையில் சி எழுத்தைத் தட்டினால் க்யூ பாயிண்ட் விழும். அந்தப் புள்ளியை டைம்லைன் அடையும்போது இது நடக்கட்டும் என்று ட்ரிகர் எழுதலாம். முழுக் குரலையும் ஒருமுறை கேட்டபடியே எல்லாப் புள்ளிகளையும் தட்டிவிடுவது என் வழக்கம். தாளம் போடுவது மாதிரிதான்.

மோஷன் பாத் சேர்த்தால் ஸ்டோரிலைன் அதற்கு ஒரு ட்ரிகரையும் தானே சேர்த்துவிடும். டைம்லைன் தொடங்கியதும் நகரும்படி அது இருக்கும்; அதைத் திறந்து உங்கள் க்யூ பாயிண்ட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு பாத் கொடுத்தால் இரண்டாவது தொடங்கும்போது பொருள் குதிக்கும். பாத் அமைப்பில் ரிலேட்டிவ் ஸ்டார்ட் பாயிண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், நின்ற இடத்திலிருந்தே புறப்படும்.

ஸ்டோரிலைனின் பலம் ஸ்டேட்கள்: ஒரே பொத்தான் தொட்டால் ஒரு தோற்றம், பார்த்து முடித்தால் வேறு தோற்றம். குரூப்புக்கு அப்படிச் சொந்த ஸ்டேட் உருவாக்க முடியாது. வேண்டுமென்றால் ஒரு பொருளை எடுத்து, அதன் ஸ்டேட்டைத் திருத்தும் பகுதிக்குள் போய், மற்றப் பாகங்களை அங்கேயே ஒட்டிவிடுங்கள். வெளியிலிருந்து ஒரே பொருள். உள்ளே முழுக் குடும்பமும் இருக்கும்.

ஒப்படைக்கும் முன்

• எல்லாக் குரூப்புக்கும் புரியும் பெயர் இருக்கிறதா?
• அசைவுப் பட்டியலில் இல்லாத எதுவும் ஸ்லைடில் ஆடுகிறதா? ஆடினால் எடுத்துவிடுங்கள்.
• ஒலியை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அசைவு மட்டும் சரியான கதையைச் சொல்கிறதா?
• மறைத்து வைத்த டூப் எதுவும் கண் மூடியே கிடக்கிறதா?
• பப்ளிஷ் செய்ததைக் கைபேசியிலும் ஒருமுறை ஓட்டினீர்களா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். நாசில் மேலும் கீழும் ஆடும் தவறு ஒலியோடு பார்க்கும்போது கண்ணில் படாது. நல்ல குரல் எந்தத் தவறான அசைவையும் மூடிவிடும்.

பயிற்சி

தெருமுனையில் நிற்கும் அடிபம்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா மார்க் 2 என்ற வகை: நீளமான கைப்பிடி, அதன் தலையில் ஒரு சங்கிலி, சங்கிலியில் தொங்கும் தண்டு, தண்டின் நுனியில் குழாய்க்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், வாயிலிருந்து கொட்டும் தண்ணீர், கீழே ஒரு குடம். எழுத வேண்டியது அசைவுப் பட்டியல் மட்டும். கணினி நாளைக்கு.

ஒரே ஒரு குறிப்பு தருகிறேன். கைப்பிடியும் தண்டும் சங்கிலியால் பிணைந்திருக்கின்றன. ஒன்று இல்லாமல் மற்றது அசையாது. ஆனால் கைப்பிடி அச்சைச் சுற்றித் திரும்புகிறது, தண்டு நேராக ஏறி இறங்குகிறது. இரண்டையும் ஒரே குரூப்பில் போட்டிருந்தால் தாளைத் திருப்பி மறுபடி எழுதுங்கள். தண்டையும், அதற்கு முப்பது மீட்டர் கீழே கண்ணுக்கே தெரியாத பிஸ்டனையும் ஒரே குரூப்பில் போட்டிருந்தால், அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.